கேட்கப்படாமற் போகும் நட்டஈடு

பின்னேரமானால் உரும்பிராயில் பலாலி வீதியோரம் லொறிகளுக்குச் சுமை ஏற்றும் வேலை மும்முரமாகிவிடும். செம்மண் தோட்டங்களிலிருந்து வந்த வெங்காய மூட்டைகள், பீற்றூட், கரட், வாழைக்குலைகள் என்று ஒவ்வொன்றாக ஏறும். படங்கு இழுத்துக் கட்டப்படும். இருட்டியதும் சாரதியும் உதவியாளும் ஏறிப் புறப்படுவார்கள். விடியுமுன் தம்புள்ளைச் சந்தையில் நிற்க வேண்டும். தோட்டக்காரனின் ஒரு போகத்து உழைப்பு அந்த இரவில் அந்தச் சாரதியின் கையிலே இருக்கிறது.

தோட்டக்காரனைப் பற்றி இவ்விதழ் போன்ற ஏடுகளில் நிறைய எழுதுகிறோம். உரம், விதை, சந்தை விலை, கடன் என்று எத்தனையோ பேசுகிறோம். விளைந்ததைச் சந்தைக்குக் கொண்டு போகும் மனிதனைப் பற்றிப் பேசியது மிகக் குறைவு. அவன் வீதியில் காயப்பட்டால் அவனுக்கும் அவன் குடும்பத்துக்கும் என்ன வழி என்பதை இக்கட்டுரையில் பார்ப்போம்.

ஒரு வீட்டில் நாம் கண்டது

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வீட்டுக்குப் போயிருந்தோம். வீட்டுக்காரர் பதினைந்து வருடத்துக்கு மேலாக லொறி ஓடியவர். இப்போது ஊன்றுகோலுடன் வாசற்படியில் இருந்தார். ஏ-9 வீதியில் இரவு நேரம் பின்சில்லுக் காற்றுப் போய், ஜக் வைத்து லொறியைத் தூக்கியிருக்கிறார். ஜக் சரிந்து லொறி காலின் மேல் இறங்கிவிட்டது. வவுனியாவுக்கும் பின்னர் யாழ்ப்பாணத்துக்குமாக வைத்தியசாலைகளில் இரண்டு மாதம். கால் தப்பியது. ஆனால் கிளச் மிதிக்கும் பலம் அதற்குத் திரும்பவில்லை.

லொறிச் சொந்தக்காரர் கெட்டவர் அல்லர். மனைவி வழியில் தூரத்து உறவும்கூட. வைத்தியசாலைக்கு வந்து பார்த்தார், மருந்துச் செலவு கொடுத்தார், இரண்டு மாதம் வீட்டுக்கு அரிசி சாமான் அனுப்பினார். பின்பு முப்பதாயிரம் ரூபாவைக் கையில் கொடுத்து, முத்திரை ஒட்டிய ஒரு தாளில் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார். “இனி ஒருவருக்கொருவர் கொடுக்கல் வாங்கல் இல்லை” என்று அதில் எழுதியிருந்ததாம். அதன் பிரதிகூட இவரிடம் இல்லை.

“நட்டஈட்டுக்கு எழுதிப் போடேல்லையோ?” என்று கேட்டோம்.

மனைவிதான் பதில் சொன்னார். “என்ன சுவாமி, அவர் எங்கட ஆள். இவரும் தன்ர பிழை எண்டுதான் சொல்லுறார். பிறகு எப்பிடிப் போய்க் கேக்கிறது?”

காயப்பட்டு அப்போது மூன்று வருடம் கடந்திருந்தது. வைத்தியசாலை அட்டையை வாங்கிப் பார்த்தோம். “வீட்டில் விழுந்தது” என்று காயத்தின் காரணம் எழுதப்பட்டிருந்தது. பொலிஸ் அலைச்சல் வரும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு இவரே அப்படிச் சொல்லியிருக்கிறார். சொந்தக்காரரோ லொறியை விற்றுவிட்டு வெளிநாடு போய்விட்டார். கூடப் போன உதவியாள் எங்கே என்றும் தெரியவில்லை. அந்த வீட்டுக்கு நாம் செய்ய முடிந்தது மிகச் சிறிது. ஒரு கோழிக்கூடும் சிறு கடனும் கொடுத்தோம். அவருக்கு உரியது அது அல்ல என்பது நமக்குத் தெரிந்தே இருந்தது.

இந்த வீட்டில் நடந்ததில் நான்கு பிழைகள் இருக்கின்றன. தன் பிழை என்பதால் உரிமை இல்லை என்று நினைத்தது ஒன்று. கையெழுத்துப் போட்டதோடு எல்லாம் முடிந்தது என்று நம்பியது இரண்டு. வைத்தியசாலையில் உண்மையை மறைத்தது மூன்று. காலத்தைக் கடக்கவிட்டது நான்கு. நான்கும் அறியாமையால் வந்தவை. ஆகவே சட்டம் என்ன சொல்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்வோம்.

இறைச்சிக் கடைக்காரரின் வண்டி

இச்சட்டத்தின் வேரைத் தேடிப் போனால் அங்கும் சுமை ஏற்றிய ஒரு வண்டிதான் நிற்கிறது. 1835இல் இங்கிலாந்தில் இறைச்சிக் கடைக்காரர் ஒருவரிடம் வேலை செய்த பிறீஸ்ற்லி என்ற வாலிபன் கடைச் சாமான்களுடன் வண்டியில் அனுப்பப்பட்டான். அளவுக்கு மிஞ்சிய பாரத்தால் வண்டி உடைந்து அவனுடைய தொடை எலும்பு முறிந்தது. யூரிமார் அவனுக்கு 100 பவுண் வழங்கும்படி தீர்ப்பளித்தனர். 1837இல் மேல் நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. ஆபத்து என்று தெரிந்தால் வேலைக்காரன் போக மறுத்திருக்கலாம், போனது அவனுடைய பொறுப்பு என்பது நீதிபதிகளின் நியாயம். மறுத்தால் அடுத்த நாள் அடுப்பு எரியுமா என்ற கேள்வி அங்கே எழவில்லை.

இந்த நியாயம் அறுபது வருடம் தொழிலாளரின் கழுத்தை நெரித்தது. ஜெர்மனியில் 1884இலும் இங்கிலாந்தில் 1897இலும் வந்த சட்டங்கள் கேள்வியையே மாற்றின. யாருடைய பிழை என்று கேட்பதை விட்டு, வேலையின் காரணமாகக் காயம் வந்ததா என்று கேட்கத் தொடங்கின. வண்டியால் வரும் இலாபம் யாருக்கோ, வண்டியால் வரும் இழப்பிலும் அவருக்குப் பங்கு இருக்க வேண்டும் என்பதே இவற்றின் அடிப்படை. இந்தியாவில் 1923இல் இத்தகைய சட்டம் வந்தது. இலங்கையில் 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டமாக அது வந்தது. நம்முடைய தாத்தாமார் காலத்திலிருந்தே இருக்கும் உரிமை இது. புதிதாக யாரிடமும் கேட்டுப் பெற வேண்டியதில்லை.

சட்டம் சொல்வது என்ன?

வேலையின் காரணமாகவும் வேலையின் போக்கிலும் நேர்ந்த விபத்தினால் ஒரு வேலையாளுக்கு உடற்காயம் ஏற்பட்டால், அவருக்கு நட்டஈடு கொடுக்கும் பொறுப்பு தொழில் கொள்வோருடையது. இதுவே சட்டத்தின் நடு எலும்பு. இதிலுள்ள ஒவ்வொரு சொல்லையும் லொறித் தொழிலோடு சேர்த்துப் பார்ப்போம்.

“விபத்து” என்றவுடன் வாகனங்கள் மோதுவதையே பலர் நினைக்கிறார்கள். படங்கு கட்டும்போது மேலிருந்து விழுவதும் விபத்துத்தான். மூட்டை சரிவதும், ரயர் வெடிப்பதும், ஜக் சறுக்குவதும், பின்கதவில் விரல் நசிவதும் விபத்துக்களே. வீதியில் ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

“வேலையாள்” என்பவர் நியமனக் கடிதம் உள்ளவர் மட்டும் அல்லர். எழுத்தில் இல்லாத, வாய்ப்பேச்சிலான ஒப்பந்தமும் ஒப்பந்தமே. மாதச் சம்பளம் இல்லை, ஒரு பயணத்துக்கு இவ்வளவு என்றுதான் காசு என்பதால் உரிமை தானாக அற்றுப் போவதில்லை. சாரதிக்குள்ள உரிமை உதவியாளுக்கும் உண்டு. உதவியாளாகப் போகும் பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பிள்ளைகளை நாம் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். படங்கின் மேல் ஏறுவதும் சில்லுக்குக் கட்டை வைப்பதும் அவர்கள்தான்.

“தொழில் கொள்வோர்” என்பவர் வேலை தந்து கூலி கொடுப்பவர். வாகனப் பதிவுப் புத்தகத்தில் லீசிங் கொம்பனியின் பெயர் இருக்கலாம், மைத்துனரின் பெயர் இருக்கலாம். அதைப் பார்த்துக் குழம்பத் தேவையில்லை. “போ” என்று சொன்னது யார், காசு தந்தது யார் என்பதே கேள்வி. 2009இன் பின் பெரிய கொம்பனிகளின் சாமான்களை ஒப்பந்தக்காரர் மூலம் ஏற்றி இறக்கும் வழக்கம் நம் பகுதியிலும் பரவியுள்ளது. தனது வழமையான தொழிலின் ஒரு பகுதியை ஒப்பந்தக்காரரிடம் கொடுத்துச் செய்விக்கும் முதன்மை நிறுவனத்தையும் பொறுப்பாளியாக்க இச்சட்டத்தில் இடம் உண்டு. ஆகவே இடையில் நிற்பவர் கைவிரித்தாலும் வழி அடைபட்டு விடாது.

இனி “என்ர பிழைதானே” என்ற பேச்சுக்கு வருவோம். சாரதிகள் தங்கள் உரிமையை இழப்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் இருக்குமென்று நமக்குத் தோன்றவில்லை. மதுபோதையில் அல்லது போதைப்பொருளின் மயக்கத்தில் இருந்ததால் நேர்ந்த காயம், பாதுகாப்புக்கான கட்டளையை வேண்டுமென்றே மீறியதால் நேர்ந்த காயம், பாதுகாப்புச் சாதனத்தை வேண்டுமென்றே கழற்றியதால் நேர்ந்த காயம் ஆகியவற்றுக்குத் தொழில் கொள்வோர் பொறுப்பை மறுக்கலாம். மரணம் நேர்ந்தால் இந்த மறுப்பும் செல்லாது. இவற்றைத் தவிர்த்து, கண் அசந்தது, அவசரப்பட்டது, கணக்குத் தவறியது போன்ற சாதாரண கவனக்குறைவு நட்டஈட்டைத் தடுக்காது. இரவிரவாக முந்நூறு கிலோமீற்றர் ஓடுபவனுக்குக் கண் அசருவது அந்த வேலையோடு சேர்ந்து வரும் ஆபத்து. நீதவான் நீதிமன்றத்தில் சாரதிமேல் போக்குவரத்து வழக்கு நடந்து தண்டம் கட்டியிருந்தாலும், நட்டஈட்டுக் கோரிக்கை வேறு வழியில் போகும் வேறு விடயம். ஒன்றைக் காட்டி மற்றதைக் கைவிடக் கூடாது.

எவ்வளவு கிடைக்கும்?

நட்டஈட்டின் அளவு இரண்டு விடயங்களில் தங்கியுள்ளது. ஒன்று சம்பளம், மற்றது காயத்தின் தன்மை. சம்பளத்துக்கு ஏற்ப அட்டவணை ஒன்று சட்டத்தோடு இணைக்கப்பட்டுள்ளது. மரணம், நிரந்தரமான முழு இயலாமை, நிரந்தரமான பகுதி இயலாமை, தற்காலிக இயலாமை என்று காயங்கள் பிரிக்கப்படுகின்றன. இரண்டு கண்களும் போனால் முழு இயலாமை. ஒரு விரல் போனால் உழைக்கும் ஆற்றலில் இத்தனை வீதம் குறைந்தது என்று அட்டவணை கூறும். அட்டவணையில் இல்லாத காயத்துக்கு, உழைப்பாற்றல் எவ்வளவு குறைந்தது என்பதை வைத்தியரின் அறிக்கையைக் கொண்டு முடிவு செய்வார்கள். தற்காலிகமாக வேலை செய்ய முடியாதவருக்கு அரை மாதத்துக்கு ஒரு முறை கொடுப்பனவு உண்டு. சில நாட்களில் மாறிவிடும் சிறு காயங்களுக்கு நட்டஈடு இல்லை.

2005ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தின்படி உச்ச வரம்பு 550,000 ரூபாவாக இருந்தது. 2022ஆம் ஆண்டின் திருத்தம் அந்த வரம்பை உயர்த்தியதோடு, வீட்டிலிருந்து வேலைக்குப் போகும்போதும் வேலை முடிந்து திரும்பும்போதும் நேரும் விபத்துக்களையும் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. நள்ளிரவில் லொறியைக் கராச்சில் விட்டுவிட்டு மோட்டார் சைக்கிளில் வீடு திரும்பும் சாரதிக்கு இது பெரிய விடயம்.

சம்பளத்தை எப்படி நிரூபிப்பது? இங்கேதான் நம் சாரதிகள் இடறுகிறார்கள். பயணக் காசு, சாப்பாட்டுப் படி, இறக்குக் கூலி எல்லாம் ஒரே கையாகக் கிடைக்கிறது, எங்கும் எழுதப்படுவதில்லை. விசாரணையில் தொழில் கொள்வோர் சொல்லும் சிறு தொகையே சம்பளமாகிவிடக் கூடும். நட்டஈடும் அதற்கேற்பச் சுருங்கிவிடும். ஆகவே ஒரு சிறு கொப்பி போதும், திகதி, போன இடம், ஏற்றிய சாமான், கிடைத்த காசு என்று நான்கு நிரல் போட்டு எழுதுங்கள். கூலியை ஒரு நிரலிலும் செலவுக்குத் தந்த படியை வேறு நிரலிலும் எழுதினால் இன்னும் நல்லது.

கையெழுத்துப் போட்டாயிற்றே!

முத்திரை ஒட்டிய தாளில் கையெழுத்திட்டவர்கள் பலர் அதையே நினைத்து ஒடுங்கிப் போகிறார்கள். இச்சட்டம் தரும் நட்டஈட்டு உரிமையைத் தனியாக எழுதும் ஓர் ஒப்பந்தத்தால் துறந்துவிட முடியாது. நட்டஈட்டைப் பற்றிய இணக்கம் செல்லுபடியாக வேண்டுமானால் அது வேலையாட்கள் நட்டஈட்டு ஆணையாளருக்கு முன் வர வேண்டும். மரணம் நேர்ந்த இடத்தில் விதி இன்னும் இறுக்கமானது. நட்டஈட்டுத் தொகை ஆணையாளரிடம் வைப்பிலிடப்பட வேண்டும். அவரே மனைவி, பிள்ளைகள், வயதான பெற்றோர் ஆகிய தங்கி வாழ்வோரிடையே அதைப் பகிர்வார். செத்த வீட்டில் யாரோ ஒரு சகோதரன் கையில் ஒரு கட்டுக் காசைக் கொடுத்து விடயத்தை முடிக்க முடியாதபடி, விதவையையும் பிள்ளைகளையும் காப்பதற்கென்றே இந்த ஏற்பாடு வைக்கப்பட்டுள்ளது.

விண்ணப்பிப்பது எப்படி?

ஆணையாளர் அலுவலகம் கொழும்பில் இருக்கிறது. ஆனால் முதல் நாளே கொழும்புக்கு ஓட வேண்டியதில்லை. யாழ்ப்பாணத்திலுள்ள தொழில் அலுவலகத்தில் விபரம் கேட்கலாம். விண்ணப்பம் எழுதுவதற்குச் சட்டத்தரணி வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. தொழில் கொள்வோர் மறுத்து விசாரணை நீளும் என்று தெரிந்தால் சட்டத் துணை தேவைப்படலாம். 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழு, வசதி குறைந்தவர்களுக்குச் சட்ட உதவி அளிக்கிறது. அதன் நிலையம் யாழ்ப்பாணத்திலும் உண்டு.

காலவரையறையை மறக்கக் கூடாது. விபத்து நடந்து இரண்டு வருடத்துக்குள் கோரிக்கை போய்ச் சேர வேண்டும். தகுந்த காரணம் காட்டினால் பிந்திய கோரிக்கையையும் ஆணையாளர் ஏற்கலாம். ஆனால் “எங்கட ஆள் என்று இருந்துவிட்டோம்” என்பது எவ்வளவு தூரம் எடுபடும் என்று நம்பியிருக்க முடியாது. காயம் மாறட்டும், பிறகு பார்ப்போம் என்று இருப்பதும் தவறு. விபத்தைப் பற்றி இயன்ற விரைவில் தொழில் கொள்வோருக்கு அறிவிப்பதும் சட்டத்தின் எதிர்பார்ப்பு. வாயால் சொன்னதோடு நிற்காமல் ஒரு கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்.

வேறு வழிகளும் உண்டா? தொழில் கொள்வோரின் கவனயீனம் தெளிவாகத் தெரிந்தால், உதாரணமாகப் பிறேக் பழுது என்று சாரதி பல முறை சொல்லியும் திருத்தாமல் அனுப்பியிருந்தால், மாவட்ட நீதிமன்றத்தில் நட்டஈட்டு வழக்குப் போடலாம். எதிரே வந்த வாகனத்தில் பிழை என்றால் அந்த வாகனக்காரர்மேல் வழக்குப் போடலாம். இதற்கும் காலவரையறை இரண்டு வருடம். இதிலே கவனயீனத்தை நிரூபிக்க வேண்டும், காலமும் செலவும் கூட. வெற்றி பெற்றால் தொகை அட்டவணையைவிடக் கூடுதலாக இருக்கலாம். சாரதியிலும் ஓரளவு பிழை இருந்தால் 1968ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தின்படி அந்த அளவுக்குத் தொகை குறையும், முழுவதும் போய்விடாது. ஆனால் ஒரே காயத்துக்கு ஒரே தொழில் கொள்வோரிடம் இரண்டு வழியாலும் வாங்க முடியாது. எந்த வழி என்பதை முதலிலேயே ஒரு சட்டத்தரணியிடம் கேட்டுத் தெரிவு செய்ய வேண்டும்.

ஊழியர் சேமலாப நிதியம், ஊழியர் நம்பிக்கை நிதியம் ஆகியவை இவற்றுக்குப் புறம்பானவை. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின்படி சேமலாப நிதியத்துக்குத் தொழில் கொள்வோர் 12 வீதமும் தொழிலாளி 8 வீதமும் கட்ட வேண்டும். 1980ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டத்தின்படி நம்பிக்கை நிதியத்துக்குத் தொழில் கொள்வோர் 3 வீதம் கட்ட வேண்டும். நிரந்தரமாக வேலை செய்ய முடியாமற் போனவர் வயது வரும்வரை காத்திராமல் சேமலாபப் பணத்தை எடுக்கலாம். நம்பிக்கை நிதிய அங்கத்தவருக்கு நிரந்தர இயலாமைக்கும் மரணத்துக்குமான உதவிகள் உண்டு. நம்மூர்த் தனி லொறிகளில் இவற்றைக் கட்டுவோர் எத்தனை பேர் என்று ஒவ்வொருவரும் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளட்டும்.

முதல் வாரத்தில் செய்ய வேண்டியவை

1. வைத்தியசாலையில் உண்மையைச் சொல்லுங்கள். எங்கே, எந்த வேலை செய்யும்போது, எப்படிக் காயம் வந்தது என்பது அனுமதி நேரத்திலேயே எழுதப்படட்டும். பின்பு வரும் எல்லாக் கடிதங்களையும்விட முதல் நாள் எழுதியதற்கே மதிப்பு அதிகம். சாரதி மயக்கத்தில் இருந்தால் கூட வந்தவர் சொல்ல வேண்டும்.

2. வைத்தியசாலையை விட்டு வெளியேறும்போது நோய் நிர்ணய அட்டையைக் கேட்டு வாங்குங்கள். எக்ஸ்ரே படங்கள், கிளினிக் கொப்பி, மருந்துப் பற்றுச்சீட்டுக்கள் எதையும் எறிய வேண்டாம்.

3. வாகனம் மோதாவிட்டாலும் விபத்து நடந்த இடத்துப் பொலிஸ் நிலையத்தில் ஒரு பதிவு செய்யுங்கள். பதிவு இலக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

4. உதவியாள், உதவிக்கு ஓடி வந்த வேறு லொறிக்காரர், பக்கத்துக் கடைக்காரர் ஆகியோரின் பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் எழுதி வையுங்கள். இயலுமானால் லொறி நின்ற நிலையைப் படம் எடுங்கள்.

5. அந்தப் பயணத்தைக் காட்டும் சாமான் துண்டு, சந்தைப் பற்றுச்சீட்டு, “இண்டைக்கு லோட் இருக்கு, வா” என்று கைத்தொலைபேசிக்கு வந்த செய்தி, வங்கிக்கு வந்த காசு ஆகிய எல்லாம் சாட்சிகள். தொலைபேசியை மாற்றும்போது இவை அழிந்துபோகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

6. எழுதியிருப்பதை வாசித்து விளங்காமல் எதிலும் கையெழுத்திட வேண்டாம். உதவியாகத் தரும் காசை வாங்கலாம். வாங்கியதை வாங்கியதாக மட்டும் எழுதிக் கொடுங்கள்.

இவற்றில் எதற்கும் பெரிய செலவு இல்லை. வீட்டுப் பெண்கள் இவற்றை அறிந்திருப்பது மிக முக்கியம். சாரதி கட்டிலில் கிடக்கும் அந்த வாரத்தில் முடிவுகளை எடுப்பவர்கள் பெரும்பாலும் அவர்களே.

சொந்தக்காரர்களுக்கு ஒரு வார்த்தை

இதுவரை படித்த லொறிச் சொந்தக்காரர் ஒருவர், “என்னைக் கோட்டுக்கு இழுக்கச் சொல்லிக் கொடுக்கிறார்கள்” என்று மனம் நோகலாம். நம் பகுதியில் பல சொந்தக்காரர்கள் ஒரேயொரு லொறி வைத்திருப்பவர்கள். லீசிங் கட்டியும் ரயர் மாற்றியும் களைத்தவர்கள். 1990களில் வீதிகள் அடைபட்டுக் கிடந்தபோது மண்ணெண்ணெயில் லொறி ஓட்டிக் குடாநாட்டுக்குச் சோறு போட்டவர்களும், 2006இல் ஏ-9 மூடப்பட்டபோது லொறியை நிறுத்திவிட்டுக் கடனில் மூழ்கியவர்களும் அவர்களில் இருக்கிறார்கள். சாரதிக்குச் சில இலட்சம் ரூபாவைக் கையிலிருந்து கொடுத்தால் அந்தக் குடும்பமும் விழுந்துவிடும்.

அதனாலேயே காப்புறுதியைப் பற்றிப் பேச வேண்டியுள்ளது. 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தின்படி ஒவ்வொரு வாகனத்துக்கும் மூன்றாம் தரப்புக் காப்புறுதி கட்டாயம். அது வீதியில் போகும் வெளியாட்களை எண்ணி வந்தது. தம்மிடம் வேலை செய்யும் சாரதியின் தொழில் விபத்தும் அதற்குள் அடங்கும் என்று நினைத்து இருந்துவிடக் கூடாது. இந்தியாவில் 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், வாகனத்துக்கான கட்டாயக் காப்புறுதியிலேயே சாரதிக்கான தொழிலாளர் நட்டஈட்டுப் பொறுப்பையும் சேர்த்திருக்கிறது. நாமக்கல்லிலோ சங்ககிரியிலோ ஒரு லொறிச் சாரதி காயப்பட்டால் நட்டஈட்டுக்குப் பின்னால் ஒரு காப்புறுதி நிறுவனம் நிற்கும். அவ்வழி இங்கும் வர வேண்டும் என்று கேட்பது நியாயமே. அது வரும்வரை, வேலையாட்கள் நட்டஈட்டுக் காப்புறுதியை நாமாக விரும்பி எடுக்க வேண்டும். காப்புறுதி நிறுவனங்கள் இதனைத் தனியாக விற்கின்றன. வாகனக் காப்புறுதியைப் புதுப்பிக்கும் நாளில், “என்ர றைவருக்கும் உதவியாளுக்கும் இதில் என்ன இருக்கு?” என்று ஒரு கேள்வி கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

தனி ஒருவருக்குப் பாரமாகத் தெரிவது சேர்ந்தால் இலேசாகும். உரும்பிராய், கோப்பாய், நீர்வேலி, மருதனார்மடம், சுன்னாகம், திருநெல்வேலிச் சந்தைகளைச் சுற்றி ஓடும் லொறிகள் ஒன்றாகச் சேர்ந்து ஒரே நிறுவனத்திடம் பேரம் பேசினால் என்ன? தோட்டக்காரரும் வியாபாரியும் மூட்டைக்கு ஒரு சிறு தொகையை இதற்கென ஒதுக்கினால் என்ன? சாரதியின் காலால் நடக்கும் வியாபாரத்தில், அந்தக் காலுக்கு ஏதும் நேர்ந்தால் எல்லோரும் பங்கெடுப்பது முறைதானே.

உறவும் உரிமையும்

“அவர் எங்கட ஆள்” என்று அந்தத் தாய் சொன்னதை நாம் குறைவாக எண்ணவில்லை. நம் ஊர்களில் வேலை கிடைப்பது உறவால், கடன் கிடைப்பது உறவால், ஆபத்தில் அரிசி வருவதும் உறவால். அதைக் கெடுத்துக்கொள்ள யாரும் விரும்ப மாட்டார்கள். ஆனால் இரண்டு மாத அரிசியோடு உறவு களைத்துவிடுகிறது. காயமோ வாழ்நாள் முழுவதும் இருக்கிறது. உறவு தாங்க முடியாத பாரத்தைத் தாங்குவதற்கே சட்டமும் காப்புறுதியும் உள்ளன. நட்டஈட்டுக்கு விண்ணப்பிப்பது பகை அல்ல. காப்புறுதி எடுத்த சொந்தக்காரர் ஒருவர் தாமே படிவத்தை வாங்கி வந்து, வைத்தியசாலைக் கட்டிலருகே இருந்து, தமது சாரதிக்கு நிரப்பிக் கொடுத்ததையும் நாம் கண்டிருக்கிறோம். அந்தச் சாரதிக்குக் கிடைத்த தொகை பெரிதல்ல. ஆனால் அதைக் கொண்டு வீட்டு வாசலிலே ஒரு சைக்கிள் திருத்தும் கடை போட்டார். இருவரும் இன்றும் ஒருவர் வீட்டு நன்மை தின்மைக்கு ஒருவர் போகிறார்கள்.

ஊன்றுகோலோடு இருந்தவரின் மூத்த மகன் இப்போது லொறி உதவியாளாகப் போகிறான். அண்மையில் அவனைக் கண்டபோது, கொப்பி எழுதுகிறாயா என்று கேட்டோம். சிரித்துக்கொண்டு சேர்ட் பையிலிருந்து எடுத்துக் காட்டினான். திகதி, இடம், சாமான், காசு என்று நான்கு நிரல் இருந்தது. கடைசிப் பக்கத்தில் முதலாளியின் முழுப் பெயரும் விலாசமும் லொறி இலக்கமும் எழுதியிருந்தான். அது தகப்பன் சொல்லி எழுதியதாம்.

உங்கள் வீட்டில் அல்லது பக்கத்து வீட்டில் லொறி ஓடுபவர் இருந்தால், இன்று இரவு அவர் புறப்படுமுன் இந்தப் பக்கங்களை வாசித்துக் காட்டுங்கள். வாசிக்க நேரமில்லை என்றால் மூன்றை மட்டும் சொல்லி அனுப்புங்கள்: உன் பிழையானாலும் உரிமை உண்டு, வைத்தியசாலையில் உண்மையைச் சொல், இரண்டு வருடத்தைக் கடக்க விடாதே.